வேண்டாமென்றால் மட்டும் அறிவிக்கவும்

கிங்ஸ்பரி
18 நவம்பர் 2024

பாடசாலை அலுவலகத்தில் பணிபுரியும் திருமதி துளசி அவர்களுக்கு,

அண்ணன் திவாகர் எழுதுவது. சனிக்கிழமை மண்டபத்தில் எண்பது பேருக்கு முன்னால் "இனி உன்னோடை எனக்கு ஒரு கதையும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தவன் நான். சொன்ன சொல்லில் மாற்றமில்லை, உன்னோடு பேசமாட்டேன். எழுதுவதைப் பற்றி அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் தபாலில் போடுகிறேன், அதுவும் மெதுவாகப் போகிற மலிவான இரண்டாம் வகுப்பு முத்திரை ஒட்டி. உனக்கு அவ்வளவு போதும்.

நீ செய்ததை உனக்கே எழுதிக் காட்டவேண்டியிருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டம். உள்ளூர்க் கவுன்சில் பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறவள் என்று உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஏதோ இலவசச் சாப்பாட்டுப் படிவமாம், நம்முடைய சனம் அதை நிரப்புவதில்லையாம். நல்லது, பேசு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேறை ஆக்களை ஏன் சொல்லுவான், என்ரை சொந்த அண்ணையே இன்னும் நிரப்பித் தரேல்லை" என்றாய். அதையும் சிரித்துக்கொண்டு சொன்னாய். பள்ளித் தலைவர் பத்மநாதன் கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

தோள் ஆபரேஷனோடு ஹீத்ரோ விமான நிலையத்தில் எனக்கு வேலை போனதும், நாங்கள் அரசாங்கத்தின் பெனிபிட் காசில் சீவிப்பதும் உன் அண்ணி பிரீத்தாவுக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மற்றவர்களுக்கு நான் நீண்ட லீவில் நிற்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் படிவம் யாருக்கு உரியது என்று தெரிந்த எல்லோருக்கும் இப்போது என் வீட்டுக் கதை தெரியும். நேற்றுக் கோயிலில் ஒருவர் என் நல்ல தோளில் கையை வைத்து, "தம்பி, ஏதும் தேவையெண்டால் கூச்சப்படாமல் கேளும்" என்றார். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால் நீ மன்னிப்புக் கேட்கவேண்டும். அலுவலகத்தில் கண்டதைச் சபையில் சொன்னது உன் அதிபருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் யோசி. நான் சொல்லமாட்டேன். ஆனால் யோசி.

மகள் கம்சிகாவைக் கூட்டிப்போக நான் உன் பாடசாலை வாசலுக்கு வரும்போது ஜன்னலுக்குள்ளிருந்து தலையாட்டாதே.

திவாகர்


கிங்ஸ்பரி
23 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் நாலு தெரு கடந்து வர நாலு நாள் எடுத்தது. முதல் வரியைப் பார்த்து யாரோ கல்வித் திணைக்களத்தார் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் செய்தது பிழை, அண்ணா. முதலே அதைச் சொல்லிவிடுகிறேன். சனத்தைச் சிரிக்க வைக்கலாம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லி முடிய முன்னமே உங்கள் முகத்தைக் கண்டேன். திங்கட்கிழமை நானே அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார். அது என் கோப்பில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

ஆனால் மண்டபத்தில் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால், அன்று வராதவர்களும் என்ன விஷயம் என்று விசாரிப்பார்கள். மறந்தவர்களுக்கு நானே ஞாபகப்படுத்தியதாக முடியும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு பந்தி எழுத விடுங்கள், பிறகு வாயை மூடுகிறேன். லண்டனில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்போது மத்தியானச் சாப்பாடு இலவசம். வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற கேள்வியே இல்லை. அதனால் "எப்படியும் சாப்பாடு கிடைக்குது, படிவம் என்னத்துக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் அதற்கும் மேலே, "என்ரை பிள்ளை வீட்டிலிருந்து புட்டுக் கட்டிக்கொண்டு போறாள், எங்களுக்கேன் இலவசம்" என்று எனக்கே கோபிக்கிறார்கள். ஆனால் படிவத்தில் விஷயம் சாப்பாடே இல்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்தப் படிவங்களை எண்ணித்தான் அரசாங்கம் பாடசாலைக்கு மேலதிகப் பணம் தருகிறது. ஒரு பிள்ளைக்கு வருடம் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்குக் கிட்ட. படிவம் இல்லாத பிள்ளை கணக்கில் இல்லாத பிள்ளை. எத்தனை கஷ்டப்பட்ட வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

ஊரில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குப் போன வருடம் முந்நூறு பவுண்ட் கொடுத்தீர்கள். பளிங்குக் கல்லில் உங்கள் பெயர் வெட்டியிருக்கிறார்கள், படம்கூட அனுப்பினீர்கள். உங்கள் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் ஒரு சதமும் தரவேண்டாம். ஒரு கையெழுத்துத்தான்.

பந்தி முடிந்தது, வாயை மூடிவிட்டேன். தலையாட்டவேண்டாம் என்றீர்கள், நேற்று ஆட்டவில்லை. ஆட்டுகிறேனா என்று நீங்கள் ஜன்னலைப் பார்த்ததையும் கண்டேன்.

உங்கள் தங்கை
துளசி


கிங்ஸ்பரி
9 டிசம்பர் 2024

துளசிக்கு,

ஜன்னலைப் பார்க்கவில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன்.

உடனே எழுதக்கூடாது என்று இரண்டு கிழமை விட்டேன். பளிங்குக் கல்லைப் பற்றி எழுதியது எனக்குக் கடுமையாகச் சுட்டது. அது உண்மை என்பதால் கூடச் சுட்டது. வேலை இருந்த நேரத்தில் கொடுத்த காசு அது. கொடுக்கிற பக்கத்தில் நிற்பது எனக்குப் பழக்கம், அதற்குக் கையெழுத்துப் போட எனக்கு ஒரு தயக்கமும் வராது.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. நீ இங்கே வருவதற்கு முந்தியது. இரண்டாயிரமாம் ஆண்டு நான் அகதியாக வந்து இறங்கியபோது எங்களுக்குக் காசு தரவில்லை, கூப்பன் தந்தார்கள். சில கடைகளில் மட்டும்தான் செல்லும். மிச்சம் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு நாள் பாணும் முட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். காசாளர் பெண் என் கூப்பனை வாங்கி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, அடுத்த மேசைக்காரியிடம் இது என்னவென்று சத்தமாகக் கேட்டாள். பாவம், அவளுக்குத் தெரியாதுதான். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. பாணையும் முட்டையையும் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று பின்னேரம் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனேன். "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்கள். "ஓம், இப்பதான் சாப்பிட்டு வாறன்" என்றேன். பசியில் காது அடைத்துக்கொண்டு கிடந்தது, வாய் மட்டும் அப்படிச் சொன்னது.

பெனிபிட்டுக்குப் பிரீத்தா ஃபோனிலேயே விண்ணப்பித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் முன்னாலும் போய் நிற்கவேண்டி வரவில்லை, அதனால் பொறுத்துக்கொண்டேன். உன் படிவம் அப்படியா? பாடசாலை அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். அலுவலகத்தில் யார் இருக்கிறது? உன்னைக் கூப்பிட்டு, படிக்கவைத்து, கலியாணம் கட்டிக்கொடுத்தவன் நான். "என்னட்டை ஒண்டும் இல்லை" என்று எழுதி உன் கையில் எப்படித் தருவேன்?

எழுதிவிட்டேன். இதைப் பற்றிப் பதில் எழுதாதே.

திவாகர்


கிங்ஸ்பரி
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அதைப் பற்றி எழுதவில்லை. அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டு தரமும் அழுதேன் என்பதை மட்டும் சொல்லலாம்தானே. நான் உங்கள் கூச்சத்தை வெறும் வீம்பு என்று நினைத்துவிட்டேன்.

பொங்கலன்று உங்கள் வாசலில் சட்டியோடு பொங்கலை வைத்துவிட்டு மணியை அடித்துப்போட்டு ஓடி வந்தேன். நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஓடியதை எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்தார். அடுத்த நாள் சட்டி என் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு தோடம்பழம். கோபக்காரர் சட்டியை வெறுமையாகத் திருப்பிவிடவில்லை என்று இவருக்குச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். பழம் நல்ல இனிப்பு.

இனி ஒரு செய்தி. உங்களை ஒன்றும் கேட்கவில்லை, செய்தியாக மட்டும் வாசியுங்கள். எங்கள் பாடசாலையில் வாசிப்புக்கு உதவி செய்கிற கமலாம்பிகை அக்கா இருக்கிறாவே, கம்சிகாவும் இன்னும் நாலு பிள்ளைகளும் தினம் அரை மணித்தியாலம் அவவிடம்தான் போகிறார்கள். அவவின் சம்பளம் அந்த மேலதிகப் பணத்திலிருந்துதான் வருகிறது. போன வருடம் படிவங்கள் குறைந்துவிட்டன. யூலையோடு அவவை நிற்பாட்டவேண்டி வரும் என்று அதிபர் சொல்கிறார்.

இதற்குக் கவுன்சிலில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எந்த வீடு என்ன பெனிபிட் எடுக்கிறது என்பது கவுன்சிலின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. தெரிந்துகொண்டே எதற்கு ஒவ்வொரு தகப்பனையும் தாயையும் படிவம் நிரப்பச் சொல்லவேண்டும்? அவர்களே பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கடிதம் போடலாம். விருப்பமில்லாதவர்கள் மட்டும் வேண்டாம் என்று எழுதினால் போதும். அலுவலகத்துக்கு யாரும் வரத் தேவையில்லை, என் மேசைக்கும் ஒன்றும் வராது. வேறு சில இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் கவுன்சிலர்கள்தான் தயங்குகிறார்கள். கேட்காமல் செய்தால் பெற்றோர் தங்களை அவமதித்ததாக நினைப்பார்களாம். மார்ச் 12ஆம் திகதி பின்னேரம் பொதுக்கூட்டம் வைத்துப் பெற்றோரின் கருத்தைக் கேட்கிறார்கள். பெற்றோர் யாரும் பேச வராவிட்டால் யோசனை கிடப்பில் போய்விடும் என்று அதிபருக்குப் பயம்.

இவ்வளவுதான் செய்தி. தோளுக்கு உடற்பயிற்சியைத் தவறாமல் செய்யுங்கள். பிரீத்தா அண்ணி நீங்கள் ஏமாற்றுவதாகச் சொன்னா.

துளசி


கிங்ஸ்பரி
13 மார்ச் 2025

என் அண்ணாவுக்கு,

நேற்றுக் கூட்டத்தில் குறிப்பெடுக்க என்னைக் கடைசி வரிசையில் இருத்தியிருந்தார்கள். ஆறு மணி தாண்டியும் பெற்றோர் பக்கத்திலிருந்து யாரும் கை தூக்கவில்லை. கவுன்சிலர் கோப்பை மூடப்போனார். அப்போது தூணுக்குப் பின்னால் ஒரு கை எழும்பியது. அரைவாசிதான் எழும்பியது. அந்தத் தோள் எனக்குத் தெரியாதா?

நீங்கள் பேசியதை ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தேன். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன், கம்சிகா பெரியவளானால் காட்ட வேண்டும்.

"என்னுடைய பெயர் திவாகர். தோள் உடைந்து வேலை போனது. பெனிபிட் எடுக்கிறேன். உங்கள் படிவத்தை ஒரு வருடத்துக்கு மேலாக நான் நிரப்பவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டுக்கு ஒருவர் வந்தால், டீ குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூடாது. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். தாகத்தில் நாக்கு வறண்டிருந்தாலும் இப்போதுதான் குடித்தேன் என்பார். அது எங்கள் பழக்கம். அதனால் மரியாதை தெரிந்த வீட்டில் கேட்பதில்லை. போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைப்பார்கள். உண்மையிலேயே வேண்டாதவர் அப்படியே விட்டுவிடுவார், ஒருவரும் குறை நினைப்பதில்லை. நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இதற்கு நடுவில் என் மகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு வேலை போகப்போகிறது. கேளாதீர்கள். கொண்டுவந்து வையுங்கள்."

முன்வரிசையில் ஒரு சோமாலியத் தாய் "எங்களிலும் இதேதான்" என்று கத்தினா. பக்கத்திலிருந்த குஜராத்திக்காரர் மேசையைத் தட்டினார். கோப்பை மூடப்போன கவுன்சிலர் அதைத் திரும்பத் திறந்து உங்கள் சொல்லை எழுதிக்கொண்டார்.

நவம்பரில் நான் சொல்லி உங்களைக் குனியவைத்த விஷயத்தை நேற்று நீங்களே எழும்பி நின்று சொன்னீர்கள். தமிழ் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பத்மநாதன் ஐயாவும் இருந்தார். எனக்கு உங்களை நினைக்கப் பெருமையாக இருக்கிறது, அண்ணா. எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

கூட்டம் முடிய ஓடிவந்தேன். நீங்கள் 183ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். கண்டும் ஏறினீர்கள்.

துளசி


கிங்ஸ்பரி
17 மார்ச் 2025

தங்கச்சிக்கு,

கண்டேன். நின்றால் பேசவேண்டி வரும், அதனால் ஏறினேன். சபையில் சொன்ன சொல் சொன்னதுதான்.

உனக்காக நான் அங்கே வந்தேன் என்று நினைக்காதே. கமலாம்பிகை அக்காவுக்காக வந்தேன். போன கிழமை கம்சிகா ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு முதலைக்குப் பல்லுவலி வந்த கதை. எங்கேயும் தடக்கவில்லை. நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். பஸ்ஸில் எனக்குப் பின்னால் பத்மநாதன் ஐயாவும் ஏறினார். பக்கத்தில் வந்து இருந்தார். இரண்டு நிறுத்தம் போனது. பிறகு மெல்லமாக, "தம்பி, என்ரை மகளும் நிரப்பேல்லை. மருமகன் விட்டிட்டுப் போய் ரெண்டு வருசம். நான்தான் வேண்டாம் எண்டு தடுத்தனான்" என்றார். அன்று மண்டபத்தில் அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது ஏளனம் என்றே நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் தன் பயத்தில் பார்த்திருக்கிறார்.

இந்தத் தரம் முதலாம் வகுப்பு முத்திரை ஒட்டியிருக்கிறேன். இரண்டாம் வகுப்பு முடிந்துவிட்டது. வேறு ஒன்றும் நினைக்காதே.

திவாகர்


கிங்ஸ்பரி
20 யூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏப்ரலில் கவுன்சில் யோசனையை நிறைவேற்றியது உங்களுக்குத் தெரியும். மே மாதம் வீடுகளுக்குக் கடிதம் போனது. வேண்டாம் என்று எழுத முப்பது நாள் கொடுத்திருந்தார்கள், அது நேற்று முடிந்தது. இன்று காலை அதிபர் தாளோடு என் மேசைக்கு ஓடிவந்தார். எங்கள் பாடசாலையில் படிவம் தந்தவர்கள் முப்பத்தொரு பேர். இப்போது ஐம்பத்தெட்டு. வேண்டாம் என்று எழுதியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் வேலை கிடைத்துவிட்டது என்று நன்றியும் எழுதியிருக்கிறார். கமலாம்பிகை அக்கா அடுத்த வருடமும் இருக்கிறா. அவவுக்கு உதவியாக இன்னுமொருவரையும் எடுக்கலாமாம். அக்கா செய்தி கேட்டுக் கதிரையில் இருந்துகொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையளுக்குச் சொல்லியாச்சோ?" என்று மட்டும் கேட்டா.

அந்த இரண்டு பேர் யார் என்று நான் பார்க்கவில்லை. பாடம் படித்துவிட்டேன்.

கவுன்சிலின் கடிதத்தைப் பார்த்து நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். கீழே உள்ளது.

*அறிவித்தல். யூன் 28, சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்குத் துளசி வீட்டில் உங்களுக்கும் பிரீத்தாவுக்கும் கம்சிகாவுக்கும் தட்டு வைக்கப்படும். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. உங்கள் பெயர் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது. நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வேண்டாமென்றால் மட்டும் அறிவிக்கவும். பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும்.*

துளசி


கிங்ஸ்பரி
30 யூன் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இப்போது பேசலாம்தானே, ஏன் எழுதுகிறார் என்று கேட்பாய். சில விஷயங்கள் எனக்கு முகத்துக்கு நேரே சொல்ல வராது.

கவுன்சில் கடிதம் எங்களுக்கும் வந்தது. பிரீத்தா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தாள். அடியில் சின்னப் பெட்டி ஒன்று, வேண்டாமென்றால் அதில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். கூட்டத்தில் அவ்வளவு பேசிய நானே ஒரு நாள் பேனையை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றேன், உனக்குத் தெரியுமா? கை பழக்கத்தில் போனது. கம்சிகா வந்து பால் எடுக்கவேண்டும், தள்ளுங்கோ அப்பா என்றாள். தள்ளினேன். பேனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முப்பது நாளையும் போக விட்டேன்.

உன் அறிவித்தலுக்கும் அதே மாதிரித்தான் பதில் போடவில்லை. ஒன்றும் பேசாமல் வந்து, சாப்பிட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகலாம் என்பது என் திட்டம். ஏழு மாதம் காத்த சொல்லை ஒரு ஆட்டிறைச்சிக் கறிக்காக விடக்கூடாது என்று வழி முழுக்கப் பிரீத்தாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நீ கதவைத் திறந்தாய். கண் கலங்கிப் போய் நின்றாய். கூட்டத்தில் நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தவள், என்னைக் கொண்டு கவுன்சிலையே மாற்றவைத்தவள், வாசலில் வைத்து என்ன கேட்டாய்? "அண்ணை, முதல்லை ஒரு தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "இல்லை, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றேன்.

பிரீத்தாதான் முதலில் சிரித்தாள். என் சபதம் அந்த வாசற்படியிலேயே முடிந்தது, அதற்குப் பிறகு காத்து என்ன பயன்? பின்னேரம் ஏழு மணி வரை இருந்து கதைத்தேன், எனக்கே தொண்டை கட்டிவிட்டது. உன் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், அவரைப் பேச விடவில்லை.

உன்னில் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை, துளசி. அந்தத் தேத்தண்ணியை நீ மறுகதை இல்லாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய், நானும் குடித்தேன். சீனி காணாது. அதை மட்டும் நீ கேட்டிருக்கலாம்.

உன் அண்ணை
திவாகர்